கடைசி ரீலில் பிழைத்தவர்

படத்தின் முடிவை மாற்றிப் புது ரீல் வந்து இறங்கிய மறுநாள் காலையில், செத்துப்போன என் மச்சான் தவசி கிணற்றிலிருந்து ஏறி வந்தார். ஊர்ப் பொதுக்கிணற்றை வெட்டும்போது மண் சரிந்து அவரை மூடி, தோண்டத் தோண்ட மேலும் சரிந்து, இதற்குமேல் தோண்டினால் இன்னும் நாலு பேரைக் காவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்த, அந்த மண்ணையே சமாதியாக எண்ணிச் சூடம் கொளுத்திவிட்டு வந்தோமே, அதே கிணறுதான். மண்ணெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. படி கட்டி, கழுத்துவரை தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்த அந்தக் கிணற்றிலிருந்து, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் இடது கன்னத்தில் மட்டும் அளவாகத் தீற்றிய சேறுமாக அவர் ஏறி வந்தபோது, ஆடு பத்திக்கொண்டு போன செல்லையாதான் முதலில் பார்த்தான்.

"என்ன தவசியண்ணே, வந்துட்டீகளா?" என்றான்.

"வந்துட்டேன்" என்றார் அவர்.

"தண்ணி கெடச்சிருச்சு போல" என்று எட்டிப் பார்த்துவிட்டுச் செல்லையா ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட ஆரம்பித்தான். எங்கள் ஓடைச்செவலில் செத்தவர் திரும்பி வருவதைவிடக் கிணற்றில் தண்ணீர் வருவதுதான் பெரிய அதிசயம் என்பதால், ஊர் முதலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது, அப்புறம்தான் ஆளைப் பார்த்தது.

நான் கதிரேசன். தவசியின் மனைவி சீனித்தாய் என் கூடப்பிறந்த அக்கா. பஸ் நிற்கிற இடத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கடைச் சுவரில் போஸ்டர் ஒட்ட இடம் விட்டதற்காகப் பால்பாண்டி அண்ணாச்சியின் டாக்கீஸில் எனக்கு எல்லாப் படத்துக்கும் இலவச பாஸ். சினிமா என்றால் எனக்கு உயிர். சோறில்லாமல் இருந்துவிடுவேன், புதுப்படம் வருகிற வெள்ளிக்கிழமை இல்லாமல் இருக்க மாட்டேன். ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாவலை வைத்து எடுத்த படம் என்று கேள்விப்பட்டால், எந்த ஊர் நூலகத்தில் கிடந்தாலும் அந்த நாவலைத் தேடிப் படித்துவிட்டுத்தான் படத்துக்குப் போவேன். போய்விட்டு இடைவேளையில் முறுக்கு விற்கிறவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, "கதையில இப்படி இல்ல" என்று ஆரம்பித்துவிடுவேன். என்னைக் கண்டாலே முறுக்குக்காரர் பெண்கள் பக்கம் போய்விடுவார்.

அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. சினிமாக்காரர்கள் கதையில் சண்டையை வெட்ட மாட்டார்கள், சாவை வெட்ட மாட்டார்கள், அழுகையை வெட்டவே மாட்டார்கள். நல்ல மனுசன் ஒருத்தன் ஏதோ ஒரு காலை நேரத்தில் அற்பத்தனமாக நடந்துகொள்வானே, நல்ல மனுசி ஒருத்தி வாய் தவறி ஒரு சொல் சொல்லிவிடுவாளே, அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். அதை வெட்டிவிட்டால் மிச்சமிருக்கிற ஆள் பார்க்க அழகாகத்தான் இருப்பார். யாரென்றுதான் தெரியாது.

உண்மையான தவசி மச்சான் கறுப்பு, கட்டை குட்டை. பாறைக்கு வேட்டு வைத்து வைத்து ஒரு காது மந்தம். அதனால் அவர் ரகசியம் பேசினால் தெருவுக்கே கேட்கும். கோபம் வந்தால் தட்டோடு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டே தின்பார். எத்தனை ஆழத்துக்கும் இறங்குவார், ஆனால் ஒரு வேப்பமரத்தில் ஏறச் சொன்னால் கால் நடுங்கும். அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, "இங்கேரு" என்பார், அவ்வளவுதான். அவர் சாவதற்கு முந்தின நாள் அவளை மத்தியான மேட்னிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அவள் தலைசீவிப் பூ வைத்து, பெட்டியிலிருந்த சேலையை எடுத்துக் கட்டி வாசலில் உட்கார்ந்திருந்தாள். டாக்கீஸில் ரிக்கார்டு பாட்டு நின்றது, படம் ஆரம்பித்தது, படம் விட்டுச் சனங்களும் வீடு திரும்பினார்கள். மச்சான் கிணற்றுக்குள் பாறையில் ஈரம் கசிகிற மாதிரி இருக்கிறதென்று அதை மோந்து பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்கிவிட்டார்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வழக்கம்போல வாசலில் நின்று "போயிட்டு வாரேன்" என்றார். அதற்கு எங்கள் பக்கம் ஒரே பதில்தான் உண்டு. பகையாளி கிளம்பினாலும் "போயிட்டு வா" என்பார்களே ஒழிய, வெறும் "போ" என்று சொல்ல மாட்டார்கள். வாசலில் நின்று கேட்கிறவனுக்கு அந்த "வா" இல்லாமல் கால் நகராது. அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "போங்க. போறவுக அப்பிடியே போங்க, திரும்பி வர வேண்டாம்" என்றாள். மாற்றிச் சொல்லுவாள் என்று அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் போனார். மத்தியானம் கிணறு சரிந்தது.

அந்தச் சமயம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த எபனேசர் சாருக்குக் கதை எழுதுகிற கிறுக்கு இருந்தது. கிணறு வெட்டுகிறவர் ஒருத்தரின் கதையை நாவலாக எழுதப்போகிறேன் என்று அவர் அக்காவிடம் வந்து உட்கார்ந்தபோது, அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. மேட்னியைச் சொன்னாள், பூவைச் சொன்னாள், அந்தச் சொல்லையும் சொன்னாள். "அதை எதுக்குக்கா அவருகிட்டச் சொன்னே?" என்று நான் கேட்டதற்கு, "எழுதிப் போட்டா அவுக எங்கயாவது இருந்து படிப்பாகடா" என்றாள். மச்சானுக்கு எழுத்துத் தெரியாது என்று ஞாபகப்படுத்தினேன். "கூட இருக்கவுக யாராச்சும் படிச்சுச் சொல்ல மாட்டாகளா?" என்றாள். சாரும் அவள் சொன்னபடியே எழுதினார். 'நான் சொன்னது தப்பு, நீங்க வந்திருங்க' என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததையும் எழுதினார். என்னைக் கேட்டால் அந்த நாவலே அக்கா மச்சானிடம் கேட்ட மன்னிப்புத்தான்.

அதைத்தான் ஒரு டைரக்டர் வாங்கிப் படமாக எடுத்தார். எங்கள் ஊருக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, இங்கே தண்ணீர் வசதி இல்லையென்று வேறெங்கோ போய்த் தண்ணீர் இல்லாத ஊராகச் செட்டுப் போட்டு எடுத்தார். கதாநாயகன் கோதுமை நிறம், ஆறடி உயரம், இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். மேட்னியும் பூவும் படத்தில் இல்லை. கிணறு சரிகிற நாள் காலையில் கதாநாயகி அவன் நெற்றியில் திருநீறு பூசி, வாசல்வரை வந்து, "போயிட்டு வாங்க மாமா" என்று கண்ணெல்லாம் சிரிப்பாக அனுப்பிவைக்கிறாள். அதன்பிறகு ஒரு பாட்டு. அப்புறம் சாவு.

எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தச் சாவை ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை தவசிக்காக மார்பில் அடித்து அழுது முடித்தவர்கள் அவர்கள். டிக்கெட் எடுத்துப்போய் இரண்டாம் தடவையும் அழ வேண்டுமா என்று கோபம் தலைக்கேறி, டாக்கீஸ் தரையில் பரப்பியிருந்த மணலையே கைக்கு வாகாக அள்ளிக்கொண்டு வெளியே வந்து, "நாசமாப் போவீக, நல்ல மனுசன மறுபடியும் கொன்னுட்டீகளே" என்று டாக்கீஸைப் பார்த்தும் பால்பாண்டி அண்ணாச்சியைப் பார்த்தும் தூற்றினார்கள். பெண்கள் மண்ணள்ளித் தூற்றிய கொட்டகை உருப்படாது என்று அண்ணாச்சி நடுங்கிப்போய் விநியோகஸ்தருக்கு ஆள் அனுப்பினார். மற்ற ஊர்களிலிருந்தும் இதே புகார் போயிருக்க வேண்டும். டைரக்டர் அவசர அவசரமாகக் கதாநாயகனைக் கூப்பிட்டு வேறொரு முடிவை எடுத்தார். மண் சரிகிறது, எல்லோரும் அழுகிறார்கள், சட்டென்று பூமிக்குள்ளிருந்து ஊற்று பீறிட்டு மண்ணைத் தள்ள, தண்ணீரோடு தண்ணீராகக் கதாநாயகன் மேலே வருகிறான். அந்தப் புது ரீல் தகரப் பெட்டியில் பஸ்ஸில் வந்து இறங்கிய அன்றைக்கு ஓடைச்செவலே டாக்கீஸில் இருந்தது. விசிலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நானும் கை வலிக்கத் தட்டினேன். 'கதையில இப்படி இல்ல' என்று அன்றைக்கு நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அக்கா மட்டும் வரவில்லை. மச்சான் போனதிலிருந்து அவள் டாக்கீஸ் வாசலையே மிதித்ததில்லை.

மறுநாள் காலையில்தான் அவர் வந்தார், கதாநாயகனின் முகத்தோடு.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறம் எப்படி மாறியது என்று யாரோ கேட்டதற்கு, "கெணத்துக்குள்ளயே கெடந்தா வெயில் படாம வெளுக்கத்தான செய்யும்" என்றார்கள். உயரம்? "தண்ணியில ஊறினா எதுதான் உப்பாது?" என்றார்கள். இரண்டு நாளில், தவசி முதலிலிருந்தே நல்ல நிறந்தான், வேலைக்குப் போய்ப்போய்க் கறுத்திருந்தான் என்று ஆகிவிட்டது. ரேஷன் கடைக்காரர் மட்டும், கார்டில் அடித்த பேரைத் திரும்ப எழுதச் சட்டம் கிடையாது, வேண்டுமானால் புதிதாகப் பிறந்த பிள்ளையென்று சேர்த்துக்கொள்கிறேன் என்றார். அப்படியே சேர்த்து, பிள்ளைக்குரிய அளவுக்குச் சீனியும் போட்டார். முடி வெட்டுகிற பரமன் கத்தரியை எடுத்துப்போய் வெறுமனே திரும்பி வந்தான். அவருக்கு முடி வளரவே இல்லையாம். அக்காவும் அவரும் சேர்ந்து தோட்டத்துப் பக்கம் நடந்தால் பனைமரங்களுக்குள்ளிருந்து வயலினும் புல்லாங்குழலும் கேட்கும். முதலில் ஆடுகள் மிரண்டன, பிறகு பழகிக்கொண்டு வாத்திய ஓசைக்குத் தலையாட்டாமல் மேய்ந்தன.

ஒரே ஒரு சங்கடம், அவருக்குப் படத்தில் வருகிற வசனங்கள் மட்டும்தான் தெரியும். அவற்றையே இடம் பார்த்து மாற்றி மாற்றிப் பேசிச் சமாளித்தார். குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்டால், "இந்த மண்ணு என்னைக் கைவிடாது" என்பார். உப்புப் போதும் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. டீக்கடையில் அவரைச் சுற்றி எப்போதும் கூட்டம்.

பாவம், எபனேசர் சார்தான் தவித்துப்போனார். நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் எழுதினதுல அவர் இறந்துட்டார்ங்க" என்று டீக்கடையில் போய் நின்றார்.

"விடுங்க சார்" என்று சனங்கள் ஆறுதல் சொன்னார்கள். "மனுசன்னா தப்பு வாரதுதான். அடுத்த தடவ அச்சடிக்கையில திருத்திப் போட்டுருங்க."

அக்கா என்ன செய்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்? அவர் வந்த முதல் நாள் வீடு நிறையக் கூட்டம். அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கூட்டம் கலைந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். நான் எழுந்து போகப் பார்த்தேன், இருடா என்று கையைப் பிடித்து இருத்திக்கொண்டாள். அந்த முகத்தில் அவள் அடையாளம் தேடியதை நான் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஆனால் கிணற்றிலிருந்து வந்தவர் வேறு யாராக இருக்க முடியும், முகம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அவள் ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் சிரித்தார். "எப்படிச் சொன்னே?"

"போங்க, திரும்பி வர வேண்டாம்னு சொன்னேன்ல. கோவத்துல சொல்லிட்டேன். அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் நீங்க..."

"நீயா? நீ என் நெத்தியில திருநீறு பூசி, வாசல்வரைக்கும் வந்து, சிரிச்ச முகமா 'போயிட்டு வாங்க'ன்னு அனுப்பி வச்சே" என்றார் அவர். "அந்த ஒரு வார்த்தைதான் என்னை மேலே கொண்டு வந்துச்சு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். படத்தில் அப்படித்தான் வருகிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நான் அதைச் சொன்னேன். "நான் சொல்லவே இல்லையேடா" என்று அவள் சின்னப் பிள்ளை மாதிரி என்னிடம் முறையிட்டாள்.

அவள் லேசில் விடுகிறவள் இல்லை. மேட்னியைச் சொல்லிப் பார்த்தாள், பூவைச் சொல்லிப் பார்த்தாள். அவர் மென்மையாகக் கேட்டுக்கொண்டே இருப்பார், கடைசியில் "உன் மனசு தங்கம்" என்பார். குழம்பில் உப்பை அள்ளிப்போட்டுச் சண்டைக்கு இழுத்துப் பார்த்தாள். அவர் ரசித்துச் சாப்பிட்டார். "ஒரு தடவ என்னைய ஏசுங்க. ஏசிட்டு, சரி விடுன்னு சொல்லுங்க, போதும்" என்று கெஞ்சினாள். அவர் முயன்று பார்த்தார். அந்த அழகான முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து, கடைசியில் பாட்டின் ஒரு வரிதான் வந்தது. குற்றமே இல்லை என்கிறவரிடம் எப்படி மன்னிப்பு வாங்குவது? ஊர்ப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஒனக்கு என்ன கொறச்சல், ராசா மாதிரி புருசன்" என்று அவளைத்தான் கண்டித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னியில் கடைசி ரீல் அறுந்துபோனது. ஆபரேட்டர் அதை ஒட்டி முடிக்கிறவரை, அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தோடு அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தார். கிணற்றில் வாளி விட்ட பெண்கள், தண்ணீர் அசையாமல் கண்ணாடி மாதிரி நின்றது, வாளி முங்கவில்லை என்று ஓடி வந்தார்கள். படம் ஓடத் தொடங்கியதும் அவர் கவளத்தைத் தின்றார், வாளியும் முங்கியது. ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்தப் படத்தை டாக்கீஸிலிருந்து எடுக்கவே கூடாது என்று அண்ணாச்சிக்கு ஊர்க்கட்டளை. டிக்கெட் எடுக்க ஆளில்லாவிட்டாலும் தெருவாரியாக முறை வைத்துப் போய் உட்கார்ந்தோம். என் சுவரில் ஒரே போஸ்டர் மேலேயே அதே போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தேன். புதுப்படம் ஒன்றும் வராமல் வெள்ளிக்கிழமைகள் செத்துப்போயின.

அக்கா ஒரு நாள் கடைக்கு வந்தாள். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள்.

"ஒங்க மச்சான் மொகம் ஒனக்கு ஞாபகம் இருக்காடா?"

இருக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கண்ணை மூடி நினைத்தால் கோதுமை நிறமாக, ஆறடியாகத்தான் வந்தார். அவர் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டவர் இல்லை. கறுப்பு, கட்டை குட்டை என்று சொல்ல முடிகிறது. ஆள் வரவில்லை.

"எனக்கும் வரல" என்றாள். "நேத்துவரைக்கும் அந்தக் குரல் இருந்துச்சு. இங்கேருன்னு கூப்பிடுவாகள்ல. இன்னைக்குக் காலையில நெனச்சுப் பாக்கேன், அதையும் இவரு குரல்ல சொல்றாரு." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நான் யாருகிட்டச் சொல்லணும்னு இருக்கேனோ அவுகளே இல்லாமப் போயிருவாக போலடா. பழைய ரீலு இருக்கான்னு கேளு."

அது ஆபரேட்டர் அறையில்தான் இருந்தது. அக்காவும் நானும் போய்க் கேட்டதும் பால்பாண்டி அண்ணாச்சி பதறிவிட்டார். "தாயி, அந்த ரீலைப் போட்டா அவன் செத்துருவான். அவனோட தண்ணியும் போயிரும். ஊரு குடிக்க வேண்டாமா?"

ஊரே டாக்கீஸ் முன்னால் கூடிவிட்டது. ஆண்கள் ஆளுக்கொரு ஞாயம் பேசினார்கள். எபனேசர் சார் ஓரமாக நின்றார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்களைப் பார்த்துப் பேசினாள். அவர்களில் நாவல் படித்தவர் ஒருத்தரும் இல்லை. அதனால் அன்றைக்குக் காலையில் அவள் வாசலில் என்ன சொன்னாள் என்பதை அப்போதுதான் கேட்டார்கள். "நான் போயிட்டு வாங்கன்னு சொல்லல. போன்னு சொன்னேன். சொன்னது நானு, அதோட போனது அவுக. இவரு இல்லன்றாரு. நீங்களும் இல்லன்றீக. அப்ப நான் சொன்னதை வச்சுக்கிட்டு நான் எங்க போக?"

ஒரு நாளாவது அப்படிப் புருசனை வெளியே அனுப்பாதவள் அந்தக் கூட்டத்தில் எவள் இருந்தாள்? எல்லார் வீட்டு ஆளும் சாயந்திரம் திரும்பி வந்துவிட்டார், அவ்வளவுதானே வித்தியாசம்? மண்ணள்ளித் தூற்றியவர்களில் முன்னால் நின்ற ராமுத்தாய்தான் கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு, "ஞாயித்துக்கெழம போடுங்க அண்ணாச்சி. அதுக்குள்ள தண்ணி பிடிச்சு வச்சுக்கிடுதோம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரில் தண்ணீர் கொள்ளக்கூடிய எதுவும் காலியாக இல்லை. அண்டா, குண்டா, கல்யாணப் பாத்திரங்கள், மாட்டுத்தொட்டி, நெல் ஊறப்போடுகிற பானை, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற வட்டகை, சர்பத் கடைக் கண்ணாடிப் போத்தல்கள், எபனேசர் சார் வீட்டு மைக்கூடு முதற்கொண்டு விளிம்புவரை நிறைந்து நின்றன. தெருவில் கை வீசி நடக்க முடியவில்லை. கிணற்றிலிருந்து வந்தவரும் வரிசையாகக் குடம் தூக்கி உதவினார், எதற்கென்று கேட்கவில்லை.

அக்கா பெட்டியிலிருந்து அதே சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு மேட்னிக்கு வந்தாள். பெண்கள் பக்கம் உட்காராமல் என் பக்கத்தில் வந்து மணலில் உட்கார்ந்தாள். கதாநாயகி திருநீறு பூசி, "போயிட்டு வாங்க மாமா" என்றபோது மட்டும், "எம்புட்டு லேசாச் சொல்லிட்டா" என்றாள். கிணறு சரிந்தது. பழைய ரீலில் அவன் வரவேயில்லை. திரை வெளுத்ததும் ஒருத்தரும் மண்ணை அள்ளவில்லை, எழுந்து வரிசையாக வெளியே வந்தார்கள். எனக்கோ வெட்கமாக இருந்தது. எத்தனையோ படத்துக்கு 'கதையில இப்படி இல்ல' என்று கரைந்தவன், இந்த ஒரு படத்துக்கு, என் மச்சானின் படத்துக்கு, ஆரம்பத்திலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார். எல்லாம் தெரிந்த மாதிரியும் இருந்தது, ஒன்றும் தெரியாத மாதிரியும் இருந்தது.

"வேலை இருக்கு" என்றார். "போயிட்டு வரேன்."

அக்கா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு பிரிந்ததைப் பார்த்தேன். எத்தனை வருசமாக 'போயிட்டு வாங்க' என்ற சொல்லை ஒருத்தருக்காக வைத்திருந்தாள்! இவரிடம் கொடுத்துவிட்டால் அவருக்குக் கொடுக்க என்ன இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, உதட்டை மூடிக்கொண்டாள்.

படத்தில் அவர் "போயிட்டு வரேன்" என்றதும் பதில் உடனே வரும். வராத காட்சி என்று ஒன்று எடுக்கப்படவேயில்லை. அதனால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரித்தபடியே நின்றார். சிரிப்பு மெல்லக் கரைந்தது. அந்த முகத்தில் முதல் தடவையாகப் படத்தில் இல்லாத ஒன்றைப் பார்த்தேன். திருவிழாக் கூட்டத்தில் கையை விட்ட பிள்ளையைப் போல அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அக்காவைப் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார். பனைமரங்கள் வாத்தியம் எதுவும் வாசிக்கவில்லை. வீடு வீடாக நிறைகுடங்களுக்குப் பின்னால் நின்று ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருத்தரும் அவரிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

அவர் தெருமுனை திரும்பி மறைந்தபிறகு அக்கா தரையில் உட்கார்ந்தாள்.

"பாவம்லடா" என்றாள். "அந்த மனுசன் என்னடா தப்புப் பண்ணாரு? ஒப்புக்குனாச்சும் நான் சொல்லியிருக்கலாம்லடா." சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள். சேலை தடுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கிணறு இருந்த இடத்தில் மண் மேடுதட்டிக் கிடந்தது. படியும் இல்லை, தண்ணீரும் இல்லை. அக்கா அந்த மண்ணில் மண்டியிட்டு, கையை வாய்க்குக் குவித்துக்கொண்டு, "போயிட்டு வாங்க!" என்று பூமியைப் பார்த்துக் கத்தினாள். மறுபடியும் கத்தினாள். குரல் கட்டி, வெறும் காற்று வருகிறவரைக்கும் கத்தினாள்.

அவள் ஓய்ந்ததும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

"யாருக்குக்கா சொன்னே?"

"ரெண்டு பேருக்கும்தான்டா" என்றாள். "ரெண்டு பேருக்குமே கேக்கல."